காலிக் கோட்டைக்குள் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குவது எப்படி

இலங்கையின் தென்கரையில் இருக்கும் காலிக் கோட்டை, மதில் மட்டும் மிஞ்சி நிற்கும் கோட்டை அன்று. அதன் மதிலுக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. போர்த்துக்கீசியர் 1588-இல் எழுப்பிய அரணை 1640-இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், அதைப் பெரிதாக்கிக் கட்டினர். 1796-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1988-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இத்தனை முறை கைமாறிய பின்னும், பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் அந்தத் தெருக்களில்தான் நடக்கிறார்கள். கையில் தாராளமாகப் பணம் உள்ளவர்களுக்கு அங்கே நட்சத்திர விடுதிகள் உண்டு. அளவான செலவில் போகிறவர்களுக்கு வாய்ப்பது, ஒரு குடும்பம் தான் குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளை ஒதுக்கி நடத்தும் விருந்தினர் இல்லம். அதைக் ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்றும் ‘ஹோம்ஸ்டே’ என்றும் சொல்வார்கள்.

இத்தகைய வீட்டில் தங்கி மனக்குறையோடு திரும்பியவர்களிடம் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் குறை வீட்டில் இருப்பதில்லை. விடுதிக்குப் போகும் எண்ணத்தோடு ஒரு வீட்டுக்குப் போனதுதான் காரணமாக இருக்கும். விடுதியில் வரவேற்பு மேசை இரவு முழுவதும் திறந்திருக்கும். வீட்டில் பத்து மணிக்குக் கதவைத் தாழிட்டுவிட்டு உறங்கப் போவார்கள். விடுதியில் எல்லா அறையும் ஒன்றுபோல் இருக்கும். பழைய வீட்டில் அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்கு இரண்டு தட்பவெப்பம் இருக்கும். எந்த அறையைக் கேட்பது, எதை முன்கூட்டிச் சொல்வது, வீட்டாரின் பொழுதோடு நம் பொழுதை எப்படிப் பொருத்திக்கொள்வது ஆகிய மூன்றும் தெரிந்தால், அந்தக் கோட்டைக்குள் இதைவிட நல்ல தங்குமிடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எப்போது போவது

காலியில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், மழையும் குறைவு. அதனாலேயே அறை வாடகை அப்போது உச்சத்தில் நிற்கும். 2007-இல் தொடங்கிய காலி இலக்கிய விழா வழக்கமாக ஜனவரியை ஒட்டி வரும். அந்த நாள்களிலும், கோட்டை வாசலுக்கு எதிரே உள்ள சர்வதேச மைதானத்தில் டெஸ்ட் போட்டி நடக்கும் நாள்களிலும், கோட்டைக்குள் சிறு அறை கிடைப்பதுகூடக் கடினம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம்; வாடகை இறங்கும், வீட்டாருக்கும் நம்மோடு பேச நேரம் இருக்கும், ஆனால் சுவர்கள் ஈரம் கோத்து நிற்கும். துணி காயாது, அலமாரியில் பூஞ்சை வாசம் வரும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு மழைக்காலமே சிக்கனமானது.

ரமலான் மாதத்தில் முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில் தங்குவதைச் சிலர் தவிர்க்கிறார்கள். தவிர்க்க வேண்டியதில்லை. விடியற்காலைக்கு முன்பே வீடு விழித்துக்கொள்ளும், பகலில் சற்று ஓய்ந்திருக்கும், மாலையில் நோன்பு திறக்கும் வேளையில் உங்களுக்கும் ஒரு கோப்பைக் கஞ்சி வரும். அந்த நேரத்தில் சாவியையோ துவாலையையோ கேட்டு அவர்களைப் பாதியில் எழுந்துவரச் செய்யாமல் இருந்தால் போதும். ஏப்ரல் நடுவில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டிச் சில நாள்கள் கடைகள் பல மூடியிருக்கும். அப்போது போவதானால், சாப்பாடும் வீட்டிலேயே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். கோட்டைக்குள் உள்ள பழைய வீடுகள் பெரும்பாலும் ஒரே அமைப்பு உடையவை: தெருவை ஒட்டித் தூண்கள் தாங்கும் திண்ணை, அதன் பின் கூடம், கூடத்தின் பின் வானம் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள், மேலே ஓடு. நம் செட்டிநாட்டு வீடுகளையும் காயல்பட்டினத்து வீடுகளையும் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சுவர்கள் முருகைக்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கனமாகக் கட்டப்பட்டவை. அந்தக் கனம் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. ஆனால் முருகைக்கல் கடலில் பிறந்தது, உப்பையும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே கீழ்த்தள அறை குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கும். பிற்காலத்தில் எடுத்துக் கட்டிய மாடி அறை உலர்ந்தும் பிற்பகலில் வெம்மையாகவும் இருக்கும். ஆஸ்துமாவோ மூக்கடைப்போ உள்ளவர்கள் மாடியைக் கேட்பது நல்லது. மின்விசிறி மட்டும் உள்ள அறை எடுக்கிறவர்கள், மழைக்காலம் தவிர மற்ற நாள்களில், கீழ்த்தளத்தையே கேட்கலாம்.

முன்பதிவு இணையதளங்களில் வரும் படங்கள் கட்டிலையும் அதன்மேல் மடித்து வைத்த துவாலையையும்தான் காட்டும், சன்னலைக் காட்டாது. சில அறைகளுக்கு வெளிச்சன்னலே இருக்காது, முற்றத்தை நோக்கியோ நடைவழியை நோக்கியோ ஒரு கதவு மட்டும் இருக்கும். எனவே பதிவு செய்யும் முன் வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள்: அறை மேலேயா கீழேயா, சன்னல் எந்தப் பக்கம் திறக்கும், குளியலறை அறையோடு சேர்ந்ததா, வெந்நீர் வருமா, குளிர்சாதனம் வாடகையில் அடங்குமா அல்லது தனிக் கட்டணமா, காலை உணவு சேர்ந்ததா, சேவைக் கட்டணம் தனியாகப் போடுவார்களா. ஒரே செய்தியில் இவ்வளவும் கேட்பதைப் பற்றித் தயங்க வேண்டாம். தெளிவாகக் கேட்கும் விருந்தினரை வீட்டார் விரும்பவே செய்கிறார்கள், வந்து இறங்கிய பிறகு வரும் வாக்குவாதம் அதனால் மிச்சமாகிறது. பதில் எப்படி வருகிறது என்பதும் ஒரு தகவல்தான். ‘சன்னல் இல்லை, ஆனால் முற்றத்துக் காற்று வரும்’ என்று உள்ளதைச் சொல்பவர் வீட்டை நம்பிப் போகலாம்.

இணையதளத்தில் பதிவு செய்தால் வாடகையில் ஒரு பகுதி தரகாகப் போகிறது என்பதால், நேரடியாகப் பேசினால் வீட்டார் சற்றுக் குறைத்துத் தரக்கூடும். முதல் இரண்டு இரவுகளைத் தளத்தின் வழியே பதிவு செய்து, பிடித்திருந்தால் மேற்கொண்டு தங்கும் நாள்களை நேரில் பேசிக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. தளத்தில் பதிவு செய்த பிறகு அதை ரத்து செய்துவிட்டு நேரடியாகத் தருவதாகப் பேரம் பேசுவது முறையன்று. தளத்தோடு செய்த ஒப்பந்தத்தை மீறிய பழி அந்தக் குடும்பத்தின் மேல்தான் விழும்.

போய்ச் சேர்வது

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலிக்கு ரயிலில் ஏறத்தாழ 116 கிலோமீட்டர். வண்டியைப் பொறுத்து இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். தெற்கே போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் வழி நெடுகக் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். அவசரம் உள்ளவர்கள், 2011-இல் காலி வரை திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில், கொழும்பை அடுத்த மாகும்புரவிலிருந்து போகும் பேருந்தைப் பிடிக்கலாம். காலி ரயில் நிலையத்திலிருந்து கோட்டை நடக்கும் தூரம்தான்: மைதானத்தைக் கடந்து, ஆங்கிலேயர் 1873-இல் மதிலை உடைத்துத் திறந்த பெரிய வாசல் வழியே உள்ளே போய்விடலாம். சுமை இருந்தால் ஆட்டோ எடுங்கள், ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். ‘அந்த வீடு மூடிவிட்டார்கள், வேறு நல்ல இடம் காட்டுகிறேன்’ என்று ஓட்டுநர் சொன்னால், உடனே வீட்டாருக்குப் போன் செய்து அவரிடமே கொடுத்துவிடுவது சிறந்த வழி. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லுங்கள், தாமதமானாலும் சொல்லுங்கள். உங்களுக்காக ஒருவர் சந்தைக்குப் போகாமல் வாசலில் காத்திருக்கக்கூடும்.

முதல் அரைமணி நேரம்

பையைப் பிரிக்கும் முன் அறையைப் பாருங்கள். கதவை மூடிவிட்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். பூஞ்சை வாசம் கடுமையாக இருந்தால், வேறு அறை உண்டா என்று அப்போதே கேட்டுவிடுவது எளிது, படுக்கையில் உட்கார்ந்த பிறகு கேட்பது இரு தரப்புக்கும் சங்கடம். குழாயைத் திறந்து நீரின் வேகத்தையும், விசிறியைப் போட்டு அதன் ஓசையையும், கதவின் உள்தாழ்ப்பாளையும் பாருங்கள். மின் இணைப்பில் வட்ட முனைத் துளைகளும் சதுர முனைத் துளைகளும் கலந்து காணப்படும், எனவே ஒரு மாற்றுச் செருகியைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

கொசுவலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலை மேலே முடிச்சிட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும்; பகலிலேயே அதை அவிழ்த்து விரித்து, அறை விளக்கைப் பின்னால் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள். ஒரு வீட்டில் நான் அப்படிப் பார்த்தபோது தலைமாட்டுப் பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. சொன்ன மாத்திரத்தில் அந்த வீட்டம்மா வெள்ளை நூல் கோத்த ஊசியோடு வந்து, கட்டிலில் ஏறி நின்று, மூச்சுவிடும் நேரத்தில் அதைத் தைத்துக் கொடுத்தார். பிறகு வலையின் விளிம்பை மெத்தைக்கு அடியில் எப்படிச் செருக வேண்டும் என்பதையும், உள்ளே நுழைந்ததும் முதலில் எந்தப் பக்கத்தை இறக்க வேண்டும் என்பதையும் செய்து காட்டினார். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிப்பது. ஆகவே இரவில் உதவும் வலை மட்டும் போதாது. திண்ணையில் உட்காரும் நேரத்துக்குக் கைகால்களில் பூசும் மருந்தும் வேண்டும்.

குளியலறைகளைப் பற்றியும் ஒரு சொல். கடல் ஏற்றத்தின்போது புகும் நீரால் தானே அலசப்படும்படி ஒல்லாந்தர் இக்கோட்டையில் அமைத்த நிலத்தடி வடிகால் பெயர்பெற்றது. ஆனால் அறையோடு சேர்ந்த குளியலறையின் குழாய்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் பழைய கட்டடத்தைக் குடைந்து பொருத்தியவை. கழிப்பறையில் காகிதத்தையோ வேறெதையுமோ போடாமல் இருப்பது வீட்டுக்குச் செய்யும் பெரிய உதவி. குடிக்கக் குழாய் நீரை எடுக்க வேண்டாம்; வடிகட்டிய நீர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, உங்கள் போத்தலிலேயே நிரப்பிக்கொள்ளலாம்.

வீட்டாரோடு

கோட்டைக்குள் வாழும் குடும்பங்களில் கணிசமானவை முஸ்லிம் குடும்பங்கள். அவர்களில் பலருக்குத் தமிழே வீட்டுமொழி. நம் வாசகர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை அங்கே போன பிறகுதான் உணர முடியும். மற்ற விருந்தினர்கள் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசலாம். வயதில் மூத்த ஆணை ‘நானா’ என்று அழைப்பது அவர்களின் வழக்கம், மூத்த பெண்ணை ‘ராத்தா’ என்பார்கள். சிங்களக் குடும்பமானால் ‘அக்கா’ அங்கேயும் அக்காதான். ‘ஐயா’ என்றால் மட்டும் அண்ணன் என்று பொருள். அந்த மண்ணில் தமிழின் பழமைக்கும் சான்று இருக்கிறது: சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய, 1409-ஆம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டொன்று 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் அமைந்த அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலிக்குப் போகும் வழியிலேயே பார்த்துவிட்டுப் போகலாம்.

செருப்பை வாசலிலேயே கழற்றுவது, குளித்த துண்டோடு முற்றத்தைக் கடக்காமல் இருப்பது, வீட்டார் புழங்கும் உள்ளறைப் பக்கம் அழைக்காமல் போகாதிருப்பது, பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்காதிருப்பது ஆகியவற்றை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மது அருந்துகிறவர்கள் மட்டும், அந்த வீட்டில் அனுமதி உண்டா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும்; பல முஸ்லிம் வீடுகளில் அனுமதி இல்லை, அறைக்குள் மறைத்து வைத்துக் குடிப்பது அவர்களை அவமதிப்பதாகும். பௌர்ணமி நாளான போயா தினத்தன்று நாடெங்கும் மது விற்பனை கிடையாது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது கோட்டையின் மதில் உட்புறத்தைப் பெருமளவு காத்தது. வெளியே பேருந்து நிலையமும் மைதானமும் நீரில் மூழ்கின. உள்ளே பிழைத்தவர்களுக்கு வெளியே உறவினர்கள் இருந்தார்கள். அதைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர்களே சொல்லத் தொடங்கினால், கையிலுள்ள போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

சாப்பாடு

காலை உணவை எத்தனை மணிக்கு, என்ன வேண்டும் என்று முந்தைய இரவே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது அப்போதைக்கப்போது செய்யப்படுவது. விடியற்காலையில் பாங்கோசை முடிந்து சற்று நேரத்தில், முற்றத்துக்கு அப்பாலிருந்து தேங்காய் திருவும் ஓசை சீராக வரத் தொடங்கும். பிறகு ஆவி வாசம் வரும். சிறு சிறு தட்டுகளில் பிழிந்து அடுக்கி அவித்த இடியாப்பம், மஞ்சள் நிறத்தில் நீர்த்த பருப்புக்கறி, சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பல், வாழைப்பழம், பால் தேநீர் என்று மேசை நிறையும்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இலங்கைச் சம்பலில் மாசி, அதாவது உலர்த்திய சூரைமீன் தூள், சேர்ப்பது வழக்கம். காய்கறிக் கறியிலும் பருப்பிலும்கூடச் சுவைக்காகச் சேர்ப்பதுண்டு. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சியும் மீன்துண்டும் இல்லாமல் தருவார்கள். ‘மாசி போடாமல்’ என்று தனியே சொன்னால்தான் அது விடுபடும்.

இரவு உணவு வேண்டுமானால் காலையிலேயே சொல்லுங்கள். வேண்டாம் என்று மனம் மாறினால் அதையும் பிற்பகலுக்குள் சொல்லுங்கள். ஒரு முறை நான் சொல்லிவிட்டுப் போய், கோட்டை மதிலின் கொடிப்பாறை முனையில் சூரியன் மறைவதைப் பார்த்து, அங்கிருந்து பேச்சுத்துணையோடு வெளியே சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்குத் திரும்பினேன். கூடத்து மேசையில் ஆறு கிண்ணங்கள் தட்டுப் போட்டு மூடியிருந்தன. பள்ளிக்குப் போகும் பையன் உட்பட வீட்டில் ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. யாரும் ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. மறுநாள் நான் மன்னிப்புக் கேட்டபோது, ‘விருந்தாளி வராமல் எப்படி’ என்றுதான் அந்த நானா சொன்னார். அன்றிலிருந்து எந்த வீட்டில் தங்கினாலும் மாலையில் ஒரு செய்தி அனுப்பத் தவறுவதில்லை.

பகலைப் பிரித்துக்கொள்வது

வெப்பமண்டலத்துக் கடற்கரை ஊரில் நடுப்பகல் வெயிலில் மதில் மேல் நடப்பது உடம்புக்கு ஆகாது. ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை நடந்துவிட்டு வந்து, குளித்து, மதியத்தை வீட்டில் கழித்து, நான்கு மணிக்கு மேல் மறுபடி இறங்குவதே அந்த ஊர்க்காரர்களின் வழக்கமும். 1669 எனப் பொறித்த ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் உள்ள பழைய வாசல், 1755-இல் கட்டி முடிந்த ஒல்லாந்தர் தேவாலயம், 1939-இல் எழுந்த கலங்கரை விளக்கம், அதன் எதிரே உள்ள மீரான் பள்ளிவாசல் எல்லாம் ஒன்றுக்கொன்று நடைதூரம்தான் என்பதால் இரண்டு காலைகள் தாராளமாகப் போதும். மதியப் பொழுதை வீணானதாக எண்ண வேண்டாம். தடித்த சுவர் தரும் குளிர்ச்சியில், முற்றத்துச் செடிகளைப் பார்த்தபடி சாய்வு நாற்காலியில் கிடப்பது நீங்கள் வாடகை கொடுத்துப் பெற்ற பொருளில் ஒரு பாதி.

இரவில் தாமதமாகத் திரும்ப நேர்ந்தால் முன்பே சொல்லி, வாசல் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மணியடித்து எழுப்பினால் எழுந்து வருபவர் பெரும்பாலும் வீட்டின் மூத்தவராக இருப்பார்.

குறையும் கணக்கும்

விசிறி ஓடவில்லை, தண்ணீர் வரவில்லை என்றால் அன்றே, முகத்துக்கு முகம் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பின் இணையத்தில் எழுதுவதால் உங்கள் இரவு திரும்பி வராது, அவர்களுக்கும் சரிசெய்ய வாய்ப்பிருக்காது. அதேபோல, நன்றாக இருந்ததையும் எழுத மறக்க வேண்டாம். விளம்பரத்துக்குப் பணமில்லாத சின்ன வீடுகள் அடுத்த விருந்தினரைப் பெறுவது அந்த நான்கு வரிகளால்தான். எழுதும்போது அறையின் தளம், சன்னல், நீர், ஓசை ஆகியவற்றைக் குறிப்பிட்டால் அடுத்து வருபவருக்கு உண்மையில் பயன்படும்.

வாடகையை இலங்கை ரூபாயில் ரொக்கமாகத் தருவதை வீட்டார் பெரிதும் விரும்புகிறார்கள். கோட்டைக்குள்ளேயே ஏடிஎம் உண்டு. தேநீர், சலவை, இரவு உணவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள், அதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துக் கணக்கை முடிக்கலாம். துப்புரவுக்கு வெளியிலிருந்து வரும் உதவியாளர் இருந்தால், அவருக்குத் தர நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.

விடியற்காலை ரயிலைப் பிடிக்கிறவர்கள் முந்தைய இரவே கணக்கை முடித்து, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உங்களுக்குப் பின்னால் கதவைத் தாழிட ஒருவர் எழுந்தாக வேண்டும். பெரும்பாலும் அவர் கையில் ஒரு பொட்டலமும் இருக்கும். அதில் இடியாப்பமும் சம்பலும் இருக்கும், மாசி போடாமல் கேட்டிருந்தால் அப்படியே. ரயில் நகரத் தொடங்கியதும் பிரித்துச் சாப்பிட்டுவிடுங்கள், தேங்காய்ச் சம்பல் அந்த வெப்பத்தில் மதியம் வரை தாங்காது.